அவன் முஸ்லிம் இல்லையாம்!



லண்டன் தமிழர்கள் கூடிய இந்த மேடையில் பிரிட்டன் முஸ்லிம்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். இதற்கென்று ஒரு பட்டியல் உண்டு. 1889-இல் வோக்கிங்கில் எழுந்த பள்ளிவாசல், திப்பு சுல்தான் வழியில் வந்து நாஜிகளின் டக்காவ் முகாமில் சுட்டுக் கொல்லப்பட்ட நூர் இனாயத் கான், மூன்று தடவை லண்டன் மேயராக வென்ற சாதிக் கான். எல்லாம் உண்மை, எல்லாம் பெருமைதான். ஆனாலும் அந்தப் பட்டியலை இன்று நான் விரிக்கப் போவதில்லை. ஒருவர் தன் தெருவில் நிம்மதியாக நடக்க, அவர் சமூகத்தில் ஒரு வீராங்கனை பிறந்திருக்க வேண்டுமா?

2024 ஜூலை 29. சவுத்போர்ட்டில் நடன வகுப்புக்குப் போன மூன்று சிறுமிகள் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார்கள். ஆறு வயது, ஏழு வயது, ஒன்பது வயது. பெற்றவர்கள் அழுது ஓய்வதற்குள் இணையத்தில் ஒரு பொய்ப் பெயர் ஓடியது. கேட்டால் முஸ்லிம் பெயர் போல இருக்கும். படகில் வந்த அகதி என்றும் சேர்த்துக் கட்டினார்கள். மறுநாள் மாலையே அந்த ஊர்ப் பள்ளிவாசல்மீது செங்கல் பறந்தது. உள்ளே ஆட்கள் இருந்தார்கள். காவலுக்கு நின்ற பொலிசாரில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் காயப்பட்டார்கள்.

உண்மையோ வேறு. கொன்றவன் கார்டிஃபில் பிறந்த 17 வயதுப் பையன். பெற்றோர் ருவாண்டாவிலிருந்து வந்தவர்கள். படகில் வந்தவனும் இல்லை, முஸ்லிமும் இல்லை.

இது பரவியதும் நல்ல மனசுக்காரர்கள் எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள். “பார்த்தீர்களா, அவன் முஸ்லிமே இல்லை!” அந்தப் பெருமூச்சுதான் என்னை உறுத்துகிறது. சரி, அவன் முஸ்லிமாகவே இருந்திருந்தால்? அந்தச் செங்கல் நியாயமாகிவிடுமா? தொழுகைக்கு வந்த கிழவர் அந்தக் கத்தியைப் பிடித்தவர் ஆகிவிடுவாரா?

கற்பனைக் கேள்வி என்று தள்ளிவிடாதீர்கள். 2005 ஜூலை 7-ஆம் தேதி இந்த லண்டனில் குண்டு வைத்த நால்வரும் முஸ்லிம்கள்தான். 52 பேர் இறந்தார்கள். இறந்தவர்களிலும் முஸ்லிம்கள் இருந்தார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த அந்த முஸ்லிம் வீட்டாரும் “எங்கள் ஆட்கள் செய்ததற்கு வருந்துகிறோம்” என்று ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டுமா?

2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் முஸ்லிம்கள் சுமார் 39 லட்சம். நூற்றுக்கு ஆறரைப் பேர். மங்களா அணையில் ஊர் மூழ்கியபின் பிராட்ஃபோர்டு மில்களில் இரவு வேலை பார்த்த மீர்பூர்காரர், வைட்சப்பலில் தோல் சட்டை தைத்த சில்ஹெட்காரர், போருக்குத் தப்பி வந்த சோமாலியர், பொஸ்னியர். மொழி வேறு, சாப்பாடு வேறு, பள்ளிவாசல்கூட வேறு. ஆனால் பழி போடும்போது மட்டும் அத்தனை பேரும் ஒரே ஆள்! அவர்களுக்குள்ளேயே சண்டையும் உண்டு. பள்ளிவாசல் நிர்வாகத்தில் இடம் கேட்டு அவர்கள் வீட்டுப் பெண்களே சண்டை பிடிக்கிறார்கள். பிடிக்கட்டும், நல்ல சண்டைதான். செங்கல் எறிகிறவன் அந்தப் பெண்களுக்காக எறியவில்லை.

இந்த வெறுப்பு புதிதல்ல. 1978 மே 4-ஆம் தேதி அல்தாப் அலி என்ற இளம் வங்காளித் தையல் தொழிலாளி வேலை முடிந்து வீட்டுக்குப் போகையில், வைட்சப்பலில் இனவெறியர் கையால் கொல்லப்பட்டார். பத்து நாளில் சுமார் 7,000 பேர் அவருடைய சவப்பெட்டியின் பின்னால் டவுனிங் தெரு வரைக்கும் நடந்தார்கள். நாங்கள் நல்லவர்கள், நம்புங்கள் என்று கெஞ்சவா போனார்கள்? எங்கள் உயிருக்குப் பாதுகாப்புக் கொடு என்று அரசாங்கத்தின் வாசலில் போய்க் கேட்டார்கள். வரி கட்டுகிற குடிமகன் அப்படித்தான் கேட்பான். இன்று ஆல்ட்கேட் ஈஸ்ட் நிலையத்துக்குப் பக்கத்துப் பூங்காவுக்கு அவர் பெயர்தான்.

இந்தச் சபையில் இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. 1983 ஜூலையில் யாழ்ப்பாணத்தில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டதற்குக் கொழும்பில் கடை வைத்திருந்த தமிழன் பதில் சொல்ல வேண்டி வந்தது. அந்தக் கலவரத்தில் எல்லாவற்றையும் இழந்து இங்கே வந்தவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். அதே நாம், 1990 அக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை ஒட்டுமொத்தமாகச் சந்தேகித்து, விடுதலைப் புலிகள் அவர்களை ஊரைவிட்டே துரத்தியபோது பெரும்பாலும் வாய் திறக்கவில்லை. கசக்கும். கசந்தாலும் இந்த மேடையில் சொல்லாமல் வேறு எங்கே சொல்வது?

ஆகவே உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நாளைக்கும் எங்காவது ஒரு கொடுமை நடக்கும். நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் முதல் ஆளாக யாராவது “ஆள் யார்? முஸ்லிமா?” என்று கேட்பார். அவர் மாமாவாக இருக்கலாம், மச்சானாக இருக்கலாம். மரியாதை பார்த்துச் சும்மா இருந்துவிடாதீர்கள். “செத்தவர்கள் யார் என்று முதலில் கேளுங்கள்” என்று அந்தக் குழுவிலேயே எழுதுங்கள்.