பழைய படச்சுருளைத் தேடும் வேலை
(மாணவர் வழிகாட்டி நிகழ்ச்சியில் நமது அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



சென்ற ஆண்டு ஒரு மாணவி பி.ஏ. வரலாறு படிக்கக் கல்வி உதவி கேட்டிருந்தார். "இதைப் படித்தால் என்ன வேலை?" என்று கேட்டோம். தொலைக்காட்சி ஆவணப்படங்களுக்குப் பழைய காட்சிகளைத் தேடிக் கொடுக்கும் வேலை என்றார். அப்படி ஒரு தொழில் இருப்பதே எங்களுக்குத் தெரியாது. மனுவை ஓரமாக வைத்துவிட்டோம். பிறகு விசாரித்தபோதுதான் எங்கள் அறியாமை புரிந்தது.

சுதந்திரப் போராட்டம் பற்றிய படத்தில் அரை நிமிடம் ஒரு பழைய ஊர்வலம் ஓடுகிறதல்லவா? அதை ஒருவர் தேடி எடுத்திருக்கிறார். 1948இல் தொடங்கிய பிலிம்ஸ் டிவிஷனின் செய்திப்படங்கள், 1964இல் புனேயில் அமைந்த தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம், எழும்பூரின் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் என்று தேட இடங்கள் உண்டு. பிரிட்டிஷ் பாத்தே நிறுவனம் 2014இல் சுமார் 85,000 படங்களை யூடியூபிலேயே போட்டுவிட்டது. ஆனால் பெட்டியின் மேல் எழுதியிருக்கும் ஊரும் ஆண்டும் தவறாகவும் இருக்கலாம். உடை, கடைப்பலகை, வண்டி எல்லாம் பார்த்துச் சரி செய்ய வேண்டும்.

அடுத்தது அனுமதி. காட்சி யாருடையது, எந்த நாடுகளில், எத்தனை ஆண்டுகள் காட்டலாம் என்று எழுதி வாங்க வேண்டும். அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் பற்றி 1987இல் வந்த 'ஐஸ் ஆன் தி பிரைஸ்' என்ற தொடருக்கு, குறிப்பிட்ட காலத்துக்கே அனுமதி வாங்கியிருந்தார்கள். தவணை முடிந்ததும் அதை ஒளிபரப்ப முடியவில்லை. பணம் திரட்டி, அனுமதியைப் புதுப்பித்து, 2006இல்தான் மீண்டும் காட்டினார்கள். அவ்வளவு பெரிய வரலாறு அதுவரை முடங்கிக் கிடந்தது! பிறர் பொருளை அமானிதமாகப் பேணத் தெரிந்த பிள்ளைக்கு இந்த வேலை பொருந்தும்.

வரலாறு, நூலகவியல், இதழியல் எது படித்தாலும் வரலாம். படத் தயாரிப்பு நிறுவனத்தில் உதவியாளராகத் தொடங்குவது வழக்கம். உர்தூ, பார்சி படிக்கத் தெரிந்தால் பழைய ஆவணங்களைப் பார்க்கும்போது கைகொடுக்கும். (மதரஸாவில் ஓதியது வீண் என்பவர்கள் கவனிக்கவும்!) ஒன்றை மறைக்க மாட்டோம்: பெரும்பாலும் படத்துக்குப் படம் ஒப்பந்தம்தான். ஒரு படம் முடிந்து அடுத்தது வரும் வரை வருமானம் இருக்காது. பெற்றோர் இதை அறிந்தே சம்மதிக்க வேண்டும்.

அந்த மாணவியின் மனுவை மீண்டும் எடுத்து, உதவித்தொகை வழங்க முடிவு செய்துள்ளோம். இந்த ஆண்டு முதல் கலைப் பாடங்களுக்கும் மனு வாங்குகிறோம். மதிப்பெண் பட்டியலின் நகலுடன் அஸர் தொழுகைக்குப் பின் அலுவலகத்துக்கு வாருங்கள்.