பழுவேட்டரையர் எத்தனை பேர்?



உருசிய இலக்கியத்தில் டால்ஸ்டாய் என்னும் குடும்பப் பெயரைத் தாங்கியவர் ஒருவர் அல்லர். 1910இல் மறைந்த லியோ டால்ஸ்டாயை உலகமே அறியும். அலெக்ஸி டால்ஸ்டாய் என்ற பெயரிலோ எழுத்தாளர் இருவர் உளர். ஒருவர் 1875இல் மறைந்தவர். மற்றவர் 1945இல் மறைந்தவர். இவர்களை எப்படிப் பிரித்தறிவது? முன்னவர் கான்ஸ்டன்டீனின் மகன். பின்னவர் நிக்கொலாயின் மகன். தந்தையின் பெயரையும் சேர்த்துச் சொல்லும் உருசியர் வழக்கமே நமக்கு வழிகாட்டுகிறது.

இத்தகைய குடும்பப் பெயர் ஒன்று நம் அரியலூர்ச் சீமையிலும் விளங்கிற்று. கீழப்பழுவூர், மேலப்பழுவூர், கீழையூர் ஆகியவை அடங்கிய பழுவூரை ஆண்ட சிற்றரசர் அனைவரும் பழுவேட்டரையர் எனப்பட்டனர். முதலாம் ஆதித்த சோழன் காலத்தில் குமரன் கண்டன். முதலாம் பராந்தகன் காலத்தில் கண்டன் அமுதன். உத்தம சோழன் காலத்தில் மறவன் கண்டன். முதலாம் இராசராசன் காலத்தில் கண்டன் மறவன்.

முன்னிற்பது தந்தை பெயர். பின்னிற்பது தன் பெயர். மறவன் கண்டன் என்றால் மறவனின் மகன் கண்டன். கண்டன் மறவன் என்றால் கண்டனின் மகன் மறவன். பள்ளிப் பதிவேட்டில் செல்வராசு இருவர் இருப்பின், தலைப்பெழுத்தைக் கொண்டே ஆசிரியர் பிரித்தறிகிறார். அவ்வழக்கத்தின் வேர் இக்கல்லெழுத்துகளிலும் காணப்படுகிறது.

1950 முதல் 1954 வரை வெளிவந்த கல்கியின் 'பொன்னியின் செல்வன்' இப்பெயரை இல்லந்தோறும் கொண்டு சேர்த்தது. 2022இலும் 2023இலும் வந்த திரைப்படங்கள் மேலும் பரப்பின. ஆயின் பலர் உள்ளத்தில் பழுவேட்டரையர் என்றால் சதி செய்த சகோதரர் இருவரே நிற்கின்றனர். அது கற்பனையாளரின் உரிமை. அதனைக் குறை கூறேன். எனினும் வரலாறு காட்டும் முகம் வேறு. பராந்தகன் பழுவேட்டரையர் மகளை மணந்தான் என்றும், அரிஞ்சயன் அவள் வயிற்றில் பிறந்தான் என்றும் அன்பில் செப்பேடு கூறும். பாண்டியனும் ஈழத்தரசனும் சேர்ந்து எதிர்த்த வெள்ளூர்ப் போரில், சோழனுக்காகப் பொருது வென்றவன் கண்டன் அமுதன்.

இவற்றை நமக்கு உரைப்பவை கோயிற் சுவர்களே. திருப்பணி என்னும் பெயரால் எழுத்துகளின்மீது சுண்ணாம்பு பூசினால், தந்தை பெயரும் மகன் பெயரும் ஒருங்கே மறையும். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் ஆசிரியர்கள் தம் மாணாக்கரைக் கீழையூர் இரட்டைக் கோயிலுக்கு ஒருமுறை அழைத்துச் செல்வார்களாக. கதையில் இருவரைக் கண்ட பிள்ளைகள், கல்லில் ஒரு குலத்தையே காண்பார்கள்.