எந்த வேலை காத்திருக்காது?



நாங்கள் படித்த காலத்தில் "பிள்ளை என்ன படிக்கப் போறா?" என்று கேட்டால் டொக்டர், எஞ்சினியர் என்று இரண்டு பதில்களே இருந்தன. நான் முதலாவதைச் சொன்னேன். இன்று இரண்டாவதிலிருந்து கிளைத்த ஒரு தொழிலைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

என் உள்ளகப் பயிற்சிக் காலத்தில் ஓர் இரவு, பிரசவித்த தாய் ஒருவருக்குக் கடும் இரத்தப்பெருக்கு ஏற்பட்டது. ஒருவர் சேலைன் ஏற்றினார். ஒருவர் மருந்து கொடுத்தார். நான் சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு அறிவித்தேன். இரத்த வங்கிக்கு மாதிரியை மற்றவர் அனுப்பியிருப்பார் என்று ஒவ்வொருவரும் நினைத்தோம். அது மேசையிலேயே இருந்தது. கூடம் ஆயத்தமான பின்பும் இரத்தத்துக்காகக் காத்து நின்றோம். தாய் பிழைத்தார். அந்த நிமிடங்களை நான் மறக்கவில்லை.

எங்கள் பிழை என்னவென்று, பல ஆண்டுகளின் பின் மோர்கன் வோக்கர் என்ற அமெரிக்கப் பொறியியலாளரைப் பற்றி வாசித்தபோதுதான் விளங்கியது. டுபொன்ட் இரசாயன நிறுவனத்தில் பணியாற்றிய அவர், கணிதவியலாளர் ஜேம்ஸ் கெலியுடன் சேர்ந்து 1950களின் பிற்பகுதியில் 'கிரிட்டிக்கல் பாத்' முறையை உருவாக்கினார். எந்த வேலை முடிந்தால் எது தொடங்கலாம், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் என்று எழுதி, அவற்றுள் மிக நீண்ட சங்கிலியைக் கண்டுபிடிக்க வேண்டும். அதிலுள்ள வேலை பிந்தினால் எல்லாமே பிந்தும். மற்றவற்றை எவ்வளவு விரைவுபடுத்தினாலும் பயனில்லை. லூயிவில் நகரத் தொழிற்சாலையில் பராமரிப்புக்காக 125 மணித்தியாலம் நிறுத்தப்பட்ட இயந்திரங்கள், இம்முறையால் 93 மணித்தியாலத்தில் மீண்டும் இயங்கின.

1969இல் அற்லாண்டாவில் 'புரொஜெக்ட் மனேஜ்மென்ட் இன்ஸ்டிடியூட்' உருவானது. 1984இல் அது தகைமைப் பரீட்சையை ஆரம்பித்தது. பொறியியலாளர்கள் தம் வேலையோடு வேலையாகச் செய்துவந்த கருத்திட்ட முகாமைத்துவம், பயிற்சியும் பொறுப்பும் உள்ள தனித் தொழிலாயிற்று.

அன்றிரவு எங்கள் நீண்ட சங்கிலி இரத்தம்தான். இப்போது என் பிரிவில் இரத்தப்பெருக்கு என்றால், முதலில் ஒருவரின் பெயரைச் சொல்லி அழைத்து, இரத்தத்தை மட்டும் அவரிடம் ஒப்படைப்போம். அது வரும்வரை அவருக்கு வேறு வேலை இல்லை.

தங்கைமாரே, இல்ல விளையாட்டுப் போட்டியையும் கலைவிழாவையும் குறித்த நேரத்தில் நடத்திக் காட்டும் பிள்ளை ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறாள். அவளை "நல்ல உதவி" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். அவளிடம் இருப்பது ஒரு தொழிலுக்கான திறமை. அவளிடம் அதைச் சொல்லுங்கள். டொக்டர், எஞ்சினியர் என்ற இரண்டு பதில்களோடு மூன்றாவதும் அவளுக்கு உண்டு.