ஆஸ்டியோபதி என்னும் வைத்தியக் கல்வி

(நம் சங்க மாணவர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வைத்தியராக வேண்டும் என்னும் வேட்கை நம் மாணாக்கருட் பலர்க்கு உண்டு. அவருள் அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்குச் சென்று பயில விரும்புவோர் 'எம்.டி.' என்னும் பட்டம் ஒன்றையே அறிவர். அந்நாட்டில் முழு வைத்தியராதற்கு மற்றொரு நெறியும் உண்டு. அது 'டி.ஓ.' என்னும் பட்டத்தைத் தரும் ஆஸ்டியோபதி வைத்தியக் கல்வியாகும். இதனைக் கேட்ட பெற்றோர் சிலர், "எலும்புக்குக் கட்டுப் போடக் கற்பதற்கோ இத்துணைச் செலவு?" என்பர். வேறு சிலர், "எம்.டி. கிடையாதவர் நுழையும் புறவாயில்" என்று இகழ்வர். இக்கூற்றுக்கள் பொருந்துமா என்று ஆராய்தலே இன்று யாம் எடுத்துக்கொண்ட பொருள்.

யாம் தமிழ் கற்பிப்போரேயன்றி வைத்தியர் அல்லேம். ஆதலின் எமக்குப் பழகிய வழியே, பெயரினின்று தொடங்குகின்றோம். கிரேக்க மொழியில் 'ஆஸ்டியோன்' என்பது எலும்பு. 'பாதோஸ்' என்பது துன்பம், நோய். இலக்கண நூலார் பெயர்களைக் காரணப்பெயர் என்றும் இடுகுறிப்பெயர் என்றும் பகுப்பர் அன்றோ? ஆஸ்டியோபதி என்பது தோன்றிய காலத்திற் காரணப்பெயர். இற்றைஞான்று அமெரிக்காவில் அஃது ஏறக்குறைய இடுகுறிப்பெயராய் நிற்கின்றது. காரணத்தை மட்டும் நோக்கிப் பொருள் கொள்வோர் பிழைபடுவர்.

இந்நெறியைத் தோற்றுவித்தவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்பார். அவர் 1828-இல் வர்ஜீனியாவிற் பிறந்தவர். சமயப் போதகரும் வைத்தியருமாகிய ஒருவரின் மைந்தர். தாமும் வைத்தியத் தொழிலே புரிந்தார். 1864-இல் அவர் வீட்டுக் குழந்தைகள் மூவர் மூளையுறை அழற்சி நோயால் ஒருங்கே மாண்டனர். அக்காலத்து வைத்தியர் இரசக்கலப்புள்ள மருந்துகளையும் அபினையும் அளவின்றி வழங்கினர். அவற்றாற் பிழைத்தோரினும் கெட்டோரே பலர் என்று கூறலாம். மருந்தின்மேல் நம்பிக்கை இழந்த ஸ்டில், எலும்பும் தசையும் நரம்பும் குருதியோட்டமும் ஒன்றையொன்று பற்றி நிற்பன என்றும், உடம்பு தன்னைத் தானே சீர்செய்துகொள்ளும் ஆற்றல் உடையது என்றும் கருதினார். 1874-இல் தம் கொள்கையை வெளியிட்டு, 1892-இல் மிஸ்ஸௌரி மாகாணத்துக் கிர்க்ஸ்வில் நகரில் முதற் கலாசாலையை நிறுவினார். பெண்கல்வி அருகியிருந்த அக்காலத்தே, அம்முதல் வகுப்பிற் பெண்டிரும் பயின்றமை பாராட்டற்குரியது.

ஸ்டில் கூறிய அனைத்தும் மெய்யென்று கொள்ளல் வேண்டா. எந்நோய்க்கும் எலும்பின் நிலைபிறழ்தலைக் காரணமாகக் காட்டும் கொள்கை பிற்காலச் சோதனைகளுக்கு முன் நிற்கவில்லை. அவர் வழிவந்தோர் அதனைப் பற்றிக்கொண்டு நின்றிருப்பின் இந்நெறி என்றோ மறைந்திருக்கும். அவர் அவ்வாறு நில்லாமல் கற்றனர். 1910-இல் ஆபிரகாம் பிளெக்ஸ்னர் வெளியிட்ட அறிக்கை, எம்.டி. கலாசாலைகள் பலவற்றோடு ஆஸ்டியோபதிக் கலாசாலைகளையும் கடிந்துரைத்தது. நாளடைவில் ஆய்வுக்கூடங்கள் பெருகின; 1929-இல் மருந்தியலும் பாடத்திற் சேர்ந்தது. இங்ஙனம் தோற்றுவித்தவர் வெறுத்த மருந்தையே மாணாக்கர் ஏற்றுக் கற்றமையால் இக்கல்வி உயிர்பெற்றது.

ஆயினும் மதிப்பு எளிதிற் கிட்டவில்லை. இரண்டாம் உலகப் போரில் இவரைப் படை வைத்தியராக ஏற்றிலர். எம்.டி. வைத்தியர் பலர் போர்க்களஞ் சென்றமையால், ஊரில் எஞ்சிய நோயாளர் பலர் இவரையே நாடினர். 1962-இல் கலிபோர்னியாவில் விந்தையொன்று நிகழ்ந்தது. 65 டாலர் கட்டணம் செலுத்திச் சுமார் 2,000 டி.ஓ. வைத்தியர் எம்.டி. பட்டம் பெற்றனர், புதிய டி.ஓ. வைத்தியர்க்கு அம்மாகாணம் உரிமம் மறுத்தது. சிறு கட்டணத்தாற் பட்டம் மாறிய அம்மக்களின் அறிவு முன்னாட் குறைந்தோ பின்னாட் பெருகியோ இருந்ததில்லை என்பதை நோக்குமின்! 1966-இல் படைத்துறை இவரை வைத்திய அதிகாரிகளாக ஏற்றது. 1973-இல் மிஸிஸிப்பி மாகாணமும் இசையவே, ஐம்பது மாகாணங்களிலும் முழு உரிமை கிடைத்தது. 1974-இல் நீதிமன்றத் தீர்ப்பாற் கலிபோர்னியாவும் மீண்டும் கதவு திறந்தது.

இனிக் கல்விமுறையைக் கூறுவோம். முதலிற் கலாசாலையில் நான்காண்டுப் படிப்பு. பின்னர் 'எம்கேட்' என்னும் நுழைவுத் தேர்வு. அதன்பின் வைத்தியக் கல்வி நான்காண்டு. இறுதியில் மருத்துவமனையில் உறைவிடப் பயிற்சி மூன்று முதல் ஏழாண்டு. எம்.டி. மாணாக்கர்க்கும் இதுவே முறை. டி.ஓ. மாணாக்கர் இவற்றோடு, கைகளாற் உடம்பைச் சோதித்துச் சீர்படுத்தும் பயிற்சியை ஏறத்தாழ 200 மணி நேரம் பெறுவர். உரிமத்திற்கு 'காம்லெக்ஸ்' என்னும் தேர்வு உண்டு. 2020 முதல் இருசாரார்க்கும் உறைவிடப் பயிற்சி ஒரே அமைப்பின்கீழ் நடைபெறுகின்றது. அமெரிக்க வைத்திய மாணாக்கருள் ஏறத்தாழ நால்வருள் ஒருவர் இந்நெறியிற் பயில்கின்றனர். பட்டம் பெற்றோர் மருந்து எழுதலாம், அறுவையும் செய்யலாம். அவருட் பாதிக்கு மேற்பட்டோர் குடும்ப வைத்தியம், குழந்தை வைத்தியம் போன்ற முதனிலைத் துறைகளில் உள்ளனர். 2020-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கொரோனா நோயுற்றபோது அவர்க்குத் தலைமை வைத்தியராய் நின்ற ஷான் கான்லி ஒரு டி.ஓ. ஆவார். அப்போதும் "இவர் முழு வைத்தியர் தாமோ?" என்று வினவியோர் இருந்தனர். பெயரால் வந்த ஐயம் நூற்றாண்டு கடந்தும் முற்றும் ஒழியவில்லை.

நலத்தோடு குறையும் கூறுதல் எம் கடன். கைப்பயிற்சி இடுப்புவலிக்கு ஓரளவு பயன்படும். 1999-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, அதனாற் குணம் பிற வைத்தியத்தை ஒத்தது என்றும் மருந்துச் செலவு குறைந்தது என்றும் காட்டியது. மண்டையோட்டைத் தொட்டுச் செய்யும் முறைக்கோ தக்க சான்று இல்லை. மூளை அறுவை, தோல் வைத்தியம் போன்ற போட்டி மிக்க துறைகளில் டி.ஓ. மாணாக்கர்க்கு இடங் கிடைத்தல் இன்றும் அரிது. ஆதலின் பலர் எம்.டி. மாணாக்கர் எழுதும் தேர்வையும் சேர்த்து எழுதுகின்றனர். கட்டணமும் மிகுதி. அயல்நாட்டு மாணாக்கரைச் சேர்க்கும் கலாசாலைகள் சிலவே. அவர்க்கு அந்நாட்டு அரசாங்கக் கடனும் கிடையாது.

ஈண்டு ஒன்றை வற்புறுத்துகின்றோம். அமெரிக்க டி.ஓ. வேறு, பிறநாட்டு 'ஆஸ்டியோபாத்' வேறு. இங்கிலாந்தில் 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெறும் ஆஸ்டியோபாத்துகள் கைவைத்தியம் செய்வோரேயன்றி மருந்து எழுதும் வைத்தியர் அல்லர். பெயர் ஒன்று, உரிமை வேறு. ஆதலின் சில மாதப் பயிற்சி தந்து ஆஸ்டியோபதிப் பட்டம் அளிப்பதாகக் கூறும் விளம்பரத்தைக் கண்டு பொருளை இழவாதீர். அமெரிக்கா சென்று பயின்று தாயகம் திரும்ப எண்ணுவோரும், தம் பட்டம் இங்குச் செல்லுமா என்பதைத் தேசிய மருத்துவ ஆணையத்தினிடம் எழுத்து மூலம் கேட்டறிந்த பின்னரே புறப்படுதல் வேண்டும்.

மாணாக்கச் செல்வர்களே! ஒரு கல்வியைத் தேர்வோர் வினவத்தக்கவை மூன்று: அங்குக் கற்பிப்பது யாது? கற்றபின் சட்டம் தரும் உரிமை யாது? அவ்வுரிமை எந்நாட்டிற் செல்லும்? இவற்றுக்கு விடை கண்டபின் நும் பொருள்நிலையையும் விருப்பத்தையும் சீர்தூக்கி முடிவு செய்க. பெற்றோர்களே! நும் மக்கள் இந்நெறியை விரும்பின், பெயரைக் கேட்ட அளவில் மறுத்தலும் வேண்டா. பிறர் புகழ்ச்சியைக் கேட்ட அளவில் இசைதலும் வேண்டா. நோயாளியின் உடம்பிற் கைவைத்துப் பார்த்து, அவன் கூறுவதைப் பொறுமையோடு கேட்கும் வைத்தியர் எப்பட்டம் பூண்டவராயினும் மக்களுக்கு வேண்டப்படுபவரே. அத்தகையோர் நம்முட் பலராகப் பெருகுக.