பார்கோட்டைச் சோதிக்கும் கருவி



சம்பளம் போட்ட வாரத்தில் ஜாசின், பெம்பான், மெர்லிமாவ் கடைத்தெருக்களுக்குப் போய்வரும் நம் குடும்பங்கள் வாங்கிவரும் பொருள்களைச் சற்றுப் புரட்டிப் பாருங்கள். பால்மாவு டின், பிஸ்கட் பொட்டலம், சவர்க்காரம் என்று எதை எடுத்தாலும் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடுகள் இருக்கும். அதுதான் பார்கோடு. பணம் கட்டும் இடத்தில் அதைக் கருவியிடம் காட்டியதும் விலை வந்துவிடுகிறது. "மிஷின் சொல்வது தப்பாகுமா?" என்று நாமும் காசைக் கொடுத்துவிட்டு வருகிறோம். மிஷினுக்கு எது தெரியும், எது தெரியாது என்பதை இன்று ஆராய்வோம்.

இக்கோடுகளுக்கான முதல் காப்புரிமை அமெரிக்காவில் 1952ஆம் ஆண்டு வழங்கப்பட்டது. கடையில் இன்று நாம் காணும் வகைக் கோடு முதன்முதலாக 1974ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள், அந்நாட்டின் ஒஹாயோ மாநிலத்தில் ட்ராய் என்னும் ஊரில் படிக்கப்பட்டது. அன்று விற்ற பொருள் ஒரு பொட்டலம் சுவிங்கம்.

கோடுகளுக்குள் இருப்பது ஓர் எண் மட்டுமே. நம் நாட்டில் பெரும்பாலும் அது 13 இலக்க எண். விலை அதில் இல்லை. காலாவதித் தேதியும் இல்லை. கடையின் கணினி அந்த எண்ணைத் தன் பட்டியலில் தேடி, அங்கே எழுதி வைத்துள்ள விலையை எடுத்துத் தருகிறது. பேரங்காடியில் மீனையும் காய்கறியையும் நிறுத்து ஒட்டும் சீட்டு மட்டும் இதற்கு விலக்கு. 2 என்று தொடங்கும் அந்த எண்ணில் பல கடைகள் எடையையோ விலையையோ சேர்த்து வைக்கின்றன.

இனி, சோதிக்கும் கருவிக்கு வருவோம். கடையில் இருப்பது படிக்கும் கருவி. அச்சகங்களிலும் தொழிற்சாலைகளிலும் இருப்பது தரம் பார்க்கும் கருவி. இது பள்ளிக்கூடத்தில் விடைத்தாள் திருத்துவது போன்ற வேலையைச் செய்கிறது. கோட்டின் குறுக்கே சிவப்பு ஒளியைச் செலுத்தி, மேலிருந்து கீழாகப் பத்து இடங்களில் அளந்து, 4 முதல் 0 வரை புள்ளி போடுகிறது. கறுப்புக்கும் வெள்ளைக்கும் போதிய வேறுபாடு உண்டா, கோட்டின் ஓரம் தெளிவாக உள்ளதா, மை சிதறியிருக்கிறதா, கோடுகளின் அகலம் சரியா என்றெல்லாம் பார்க்கிறது. கடைப் பொருள்களுக்குக் குறைந்தது 1.5 புள்ளி வேண்டும் என்பது உலகப் பொது விதி. வெள்ளைத் தாளில் சிவப்புக் கோடு அச்சிட்டால் நம் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். சிவப்பு ஒளிக்கு அது தெரியாது. இத்தகைய குறையை அச்சகத்திலேயே பிடித்துவிடுவது இக்கருவியின் பெரும்பயன்.

ஆனாலும் இதற்கு எல்லைகள் உண்டு. பத்து இடங்களில் மட்டும் அளப்பதால் இடையில் உள்ள சிறு கறை தப்பிவிடலாம். அளவு அட்டையை வைத்து அவ்வப்போது கருவியைச் சரிபார்க்காவிட்டால் புள்ளியும் பிசகும். அச்சகத்தில் தட்டையான தாளில் 4 புள்ளி வாங்கிய கோடு, உருண்டை டின்னில் சுற்றப்பட்டு, லாரியில் உரசி, ஈரம் பட்டு நம் ஊர்க் கடைக்கு வரும்போது அதே நிலையில் இருக்கும் என்று சொல்ல முடியாது.

இவற்றினும் பெரிய எல்லை ஒன்று உண்டு. கருவி அழகான அச்சுக்குச் சாட்சி சொல்லும். உண்மைக்குச் சாட்சி சொல்லாது. சவர்க்காரத்தின் எண்ணைப் பிஸ்கட் பொட்டலத்தில் அச்சிட்டாலும், அச்சு தெளிவாக இருந்தால் முழுப் புள்ளி கிடைக்கும்.

ரப்பர்த் தோட்டத்தில் உழைத்த நம் பெரியவர்களுக்கு இது புதிதன்று. பாலில் எவ்வளவு ரப்பர் உண்டு என்று பார்க்க மெட்ரோலக் என்னும் மிதவையை மிதக்க விடுவார்கள். அது அறிந்தது பாலின் அடர்த்தி ஒன்றைத்தான். வேறு பொருள் கலந்திருந்தால் மிதவையின் கணக்கும் மாறிவிடும்.

எண்ணில் பிழை வராமல் காக்கக் கடைசி இலக்கம் இருக்கிறதே என்று உயர்வகுப்புப் பிள்ளைகள் கேட்கலாம். நல்ல கேள்வி. 13 இலக்கங்களையும் இடமிருந்து வலமாக மாறி மாறி 1ஆலும் 3ஆலும் பெருக்கிக் கூட்டினால், விடை பத்தின் மடங்காக வர வேண்டும். ஓர் இலக்கம் மாறினாலும் இது காட்டிக்கொடுக்கும். ஆனால் 16 என்று வர வேண்டிய இடத்தில் 61 என்று மாற்றி எழுதினால் என்ன ஆகும்? முன்னது 1உம் 18உம் சேர்ந்து 19. பின்னது 6உம் 3உம் சேர்ந்து 9. வேறுபாடு சரியாகப் 10. ஆகவே பிழை பிடிபடாது. வீட்டில் உள்ள ஒரு பொட்டலத்தை வைத்துப் பிள்ளைகள் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

இன்னொரு தவறான நம்பிக்கையும் பரவி வருகிறது. 955 என்று தொடங்கினால் மலேசியாவில் செய்த பொருள் என்கிறார்கள். அந்த நிறுவனம் மலேசிய ஜிஎஸ்1 அமைப்பிடம் எண் பெற்றது என்பது மட்டுமே அதன் பொருள். சரக்கு எங்கே செய்யப்பட்டது என்பதை உறையில் உள்ள எழுத்தைப் படித்துத்தான் அறிய வேண்டும்.

அமெரிக்க மத்திய வாணிப ஆணையம் கடைகளில் விலையைச் சோதித்து 1998இல் அறிக்கை வெளியிட்டது. ஏறக்குறைய 30 பொருள்களில் ஒன்றுக்கு, கணினி காட்டிய விலை தவறாக இருந்தது. சில கூடுதல்; சில குறைவு. கோடு நன்றாகப் படிக்கப்படலாம். பட்டியலில் விலையை மாற்ற மறந்தவர் மனிதரே.

தேதியையும் சேர்த்துச் சுமக்கவல்ல சதுரக் குறியை 2027ஆம் ஆண்டு முடிவுக்குள் கடைகள் படிக்க வேண்டும் என்று உலக அளவில் முயன்று வருகிறார்கள். அப்போதும் தேதி உண்மையானதா என்பதைத் தரம் பார்க்கும் கருவி சொல்லாது.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை மூன்று. தட்டில் ஒட்டிய விலையை மனத்தில் வைத்து ரசீதோடு ஒப்பிடுவோம். காலாவதித் தேதியை நம் கண்ணால் படிப்போம். ரசீதை உடனே கசக்கி எறியாமல் வைத்திருப்போம். விலை மாறியிருந்தால் கடைக்காரரிடம் பணிவாகக் கேட்பதில் வெட்கமில்லை. தீராவிட்டால் உள்நாட்டு வாணிப அமைச்சிடம் புகார் செய்யலாம். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த நடுவர் மன்றமும் இருக்கிறது. அங்கே வழக்குப் பதிய 5 வெள்ளி போதும், வழக்கறிஞர் தேவையில்லை.

எழுதப் படிக்கச் சிரமப்படும் தாத்தா பாட்டி கடைக்குப் போகும்போது பள்ளிப் பிள்ளை ஒன்று உடன் போகட்டும். ரசீதை வரிவரியாகப் படித்துக் காட்டட்டும். பத்து வெள்ளியைப் பார்த்துப் பார்த்துச் செலவழிக்கும் வீட்டில், தவறிப்போகும் ஐம்பது சென்னும் நம் உழைப்புத்தான்.