மனநோய் மருத்துவம் நம் உரிமை!

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை)



கூலிக்காகவும் போனஸுக்காகவும் பஞ்சப்படிக்காகவும் பல தடவை கூடியிருக்கிறோம். இன்று வேறொரு விஷயத்தைப் பேசக் கூடியிருக்கிறோம். வெளியே சொல்ல வெட்கப்பட்டு வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிடுகிற விஷயம் அது. மனநோயைப் பற்றித்தான் சொல்கிறோம்.

"அது பணம் படைத்தவர்களுக்கு வருகிற வியாதி, பாடுபடுகிறவனுக்கு அதற்கு நேரமேது?" என்று சிலர் கேட்கலாம். கணக்கைப் பாருங்கள். 2015-16-ல் 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வு நடந்தது. தமிழ்நாடும் அவற்றில் ஒன்று. வயது வந்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குமேல் ஏதாவதொரு மனநோயால் அவதிப்படுகிறார்கள் என்று அது கண்டது. அவர்களில் பெரும்பாலோருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை என்றும் கண்டது.

இன்னொரு கணக்கும் உண்டு. 2021-ல் நம் நாட்டில் 1,64,033 பேர் தற்கொலை செய்துகொண்டதாக தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்திருக்கிறது. அவர்களில் 42,004 பேர் தினக்கூலிகள். அதாவது நாலு பேரில் ஒருவர். விவசாயத் தொழிலாளர் 5,563 பேர் இந்தத் தினக்கூலிக் கணக்கில் சேராதவர்கள், தனி. இது யாருடைய பிரச்னை என்று இதற்குமேல் கேட்க வேண்டுமா?

கடனை மாத்திரை அடைக்காது. கூலியை ஊசி உயர்த்தாது. அதற்குச் சங்கம்தான் வேண்டும். இதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் கால் முறிந்த தோழனிடம், "கூலிப் போராட்டம் ஜெயிக்கட்டும், பிறகு கட்டுப் போடலாம்" என்று நாம் சொல்வதில்லை. மனம் முறிந்தவனிடம் மட்டும் ஏன் அப்படிச் சொல்ல வேண்டும்?

மதிலுக்குள் இருந்த வைத்தியம்

இந்த வைத்தியம் ஏன் நம்மை எட்டவில்லை? ஜனங்களின் அறியாமை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள். அது பாதி உண்மை. வைத்தியம் எங்கே இருந்தது என்று பார்த்தால் மறுபாதி விளங்கும்.

1794-ல், கம்பெனி ஆட்சியில், சென்னையில் ஒரு மனநோயாளர் விடுதி ஏற்பட்டது. 1871-ல் அது கீழ்ப்பாக்கத்துக்கு மாறியது. உயரமான மதில், பெரிய கேட். பிராந்தியம் முழுவதற்கும் நெடுங்காலம் அதுவே கதி. சுதந்திரத்துக்குமுன், 1946-ல், போர் கமிட்டி கணக்கெடுத்தபோது இந்தியா முழுவதிலும் மனநோயாளிகளுக்கு இருந்த படுக்கைகள் சுமார் 10,000. இங்கிலாந்தில் சுமார் 300 பேருக்கு ஒரு படுக்கை இருந்த காலத்தில், இங்கே சுமார் 40,000 பேருக்கு ஒன்று!

ராமநாதபுரத்திலிருந்தோ தஞ்சையிலிருந்தோ ஒரு கூலிக்காரன் தன் தம்பியைச் சென்னைக்கு அழைத்துப் போவதென்றால் எத்தனை நாள் வேலை போகும்? ரயில் சார்ஜுக்கு யாரிடம் கைமாற்று வாங்குவது? அப்படியே கொண்டுபோய்ச் சேர்த்தாலும், மாதா மாதம் போய்ப் பார்க்க முடியுமா? முடியவில்லை. உள்ளே போனவர்களில் பலர் ஊர் திரும்பவில்லை. ஊரும் அவர்களை மறந்தது. "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று கேலி பேசுவதற்கு மட்டும் அந்த ஆஸ்பத்திரியின் பெயர் மூலைமுடுக்கெல்லாம் எட்டியது.

கூடாரத்தில் பிறந்த பாடம்

இந்த மதிலில் முதல் விரிசலை உண்டாக்கியது பஞ்சாப். 1950-களில் அமிர்தசரஸ் மனநோய் ஆஸ்பத்திரியின் தலைமை டாக்டராக வித்யா சாகர் என்பவர் இருந்தார். நோயாளியைவிட்டுக் குடும்பத்தைத் துரத்தாமல், குடும்பத்தையே கூட அழைத்தார். ஆஸ்பத்திரி வளாகத்திலேயே கூடாரம் அடித்து உறவினர்களைத் தங்கவைத்தார். இது என்ன நோய், எப்படிக் கவனிக்க வேண்டும் என்பதை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். நோயாளிகள் குணமடைந்து சீக்கிரமே வீடு திரும்பினார்கள். தாயும் தாரமும் அண்ணனும் பக்கத்தில் இருந்தால் நோய் சீக்கிரம் தணியும் என்பது அந்தக் கூடாரங்களில் நிரூபணமாயிற்று.

அடுத்த படி, ஆஸ்பத்திரியே ஊருக்குப் போவது. 1970-களில் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிலையத்தார் சக்கலவாரா கிராமத்திலும், சண்டிகர் மருத்துவ நிலையத்தார் ஹரியானாவின் ராய்ப்பூர் ராணியிலும் இதைச் செய்து பார்த்தார்கள். ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருக்கும் சுகாதார ஊழியருக்கும் பயிற்சி கொடுத்தால், பெருவாரியான மனநோய்களை அங்கேயே கவனிக்கலாம் என்று தெரிந்தது. 1982-ல் தேசிய மனநலத் திட்டம் வந்தது. 1985 முதல் கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில், சுமார் 20 லட்சம் ஜனத்தொகைக்கு, இந்த முறை அமலாயிற்று. மாளிகை எதுவும் எழும்பவில்லை. இருக்கிற சுகாதார நிலையங்களுக்கே ஆறு விதமான அவசிய மருந்துகள் போயின; இருக்கிற ஊழியர்களே பயிற்சி பெற்றார்கள். அவ்வளவுதான்!

அந்த அனுபவத்தை வைத்து 1996-ல் மாவட்ட மனநலத் திட்டம் பிறந்தது. முதலில் எடுத்துக்கொண்ட மாவட்டங்களில் நமது திருச்சியும் ஒன்று.

ஏர்வாடி சொன்ன சேதி

சேவை போய்ச் சேராத இடத்தில் என்ன நடக்கும்? 2001 ஆகஸ்ட் 6-ந் தேதி விடியற்காலையில் ஏர்வாடியில் ஒரு தனியார் விடுதி தீப்பிடித்தது. ஓலைக் கொட்டகை. உள்ளே இருந்த மனநோயாளிகளின் கால்களில் சங்கிலி. ஓட முடியவில்லை. 28 பேர் கருகி மாண்டார்கள்.

அவர்களை அங்கே விட்டுச் சென்ற உறவினர்கள் எல்லோரும் கல்நெஞ்சர்களா? இல்லை, தோழர்களே. அவர்கள் நம்மைப் போன்றவர்கள். விடிந்தால் வேலைக்குப் போகவேண்டும். வீட்டில் காவலுக்கு ஆளில்லை. பக்கத்தில் வைத்தியமில்லை. நாலு இடம் அலைந்து, கையிலிருந்ததைச் செலவழித்து, கடைசியில் கடவுளை நம்பி அங்கே கொண்டுபோய் விட்டார்கள். அந்த நிராதரவை வைத்துத்தான் விடுதிக்காரர்கள் வியாபாரம் செய்தார்கள்.

நாடு அதிர்ந்தது. சுப்ரீம் கோர்ட் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. ஏர்வாடியில் அத்தகைய விடுதிகள் மூடப்பட்டன. 500-க்கு மேற்பட்டவர்கள் சர்க்கார் பராமரிப்புக்கு மாற்றப்பட்டார்கள். தொழுகைக்கு வருகிறவர்களுக்கு மருந்தும் கிடைக்கும்படி, பின்னர் அங்கேயே சர்க்கார் மனநல சேவை தொடங்கப்பட்டது. கோயிலுக்கோ தர்காவுக்கோ போவதை நாம் தடுக்கவில்லை. நேர்த்திக்கடன் செலுத்துகிறவர் செலுத்தட்டும். கையில் மாத்திரைச் சீட்டும் இருக்கட்டும் என்கிறோம். சங்கிலி மட்டும் கூடவே கூடாது.

பக்கத்து ஆஸ்பத்திரியில் என்ன கிடைக்கும்?

இன்று தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் இந்தத் திட்டம் இருக்கிறது. மனநல டாக்டர், உளவியலாளர், சமூகப் பணியாளர், நர்ஸ் கொண்ட குழு ஒன்று மாவட்ட ஆஸ்பத்திரியில் இருக்கும். குறிப்பிட்ட நாட்களில் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் அது வரும். நம் ஊருக்கு எந்தக் கிழமை என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது நம் வேலை. பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

யார் போகவேண்டும்? யாருமில்லாத இடத்தில் குரல் கேட்கிறது என்கிறவர், எல்லோரும் தனக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்று பயப்படுகிறவர் போகவேண்டும். வாரக்கணக்கில் தூக்கமில்லாமல், சாப்பாடு பிடிக்காமல், "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்று உட்கார்ந்துவிட்டவர் போகவேண்டும். பிள்ளை பெற்ற சில நாட்களில் பேச்சும் நடத்தையும் மாறிப்போன பெண்ணை "காற்று கருப்பு" என்று மூலையில் வைக்காமல் உடனே அழைத்துப் போகவேண்டும். வலிப்பு நோய்க்கும் அங்கே மருந்து உண்டு. குடியை விட நினைக்கிறவருக்கும் வழி உண்டு. தினமும் ஏராளமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் நடுக்கமும் வலிப்பும் பிதற்றலும் வரலாம், உயிருக்கே ஆபத்து. டாக்டர் மேற்பார்வையில் விடுவதே நல்லது.

ஆலைத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. ஷிப்டு மாறி மாறித் தூக்கம் கெடுவது எல்லோரையும் வாட்டும். ஏற்கெனவே மனநோய் கண்டவருக்கு அதுவே நோயைக் கிளப்பிவிடலாம். அவருக்கு இரவு ஷிப்டு வேண்டாம் என்று டாக்டரிடம் சீட்டு வாங்கி வாதாட வேண்டியது சங்கத்தின் கடமை. ஈ.எஸ்.ஐ.யில் நீடித்த வியாதிகளுக்கு என்று ஒரு நோய்க்காலப் பலன் உண்டு. 34 வியாதிகளின் அந்தப் பட்டியலில் மனச்சிதைவும் கடுமையான மனச்சோர்வும் இருக்கின்றன. சர்வீஸும் சந்தாவும் விதிப்படி இருந்தால், சராசரிக் கூலியில் 80 சதவிகிதம் இரண்டு வருஷம்வரை கிடைக்க வழியிருக்கிறது. இதை அறியாமலே ஆஜர் பட்டியலிலிருந்து பேர் அடிபட்டுப் போகலாமா?

மருந்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த மாத்திரைகள் தலைவலி மாத்திரை போல அரைமணியில் வேலை செய்யா. குணம் தெரியச் சில வாரங்கள் ஆகும். குணம் தெரிந்ததும் "இனி எதற்கு?" என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள், நோய் திரும்பி வருகிறது. நிறுத்தலாமா, குறைக்கலாமா என்பதை டாக்டர் சொல்லட்டும். உடல் கனத்தாலும் கை நடுங்கினாலும் தூக்கம் அதிகமானாலும் அவரிடம் சொன்னால் அளவை மாற்றுவார். மாத்திரை விழுங்க மறுக்கிறவர்களுக்கு மாதம் ஒன்றிரண்டு தடவை போடும் ஊசியும் இருக்கிறது.

சட்டம் நம் கையில்

2017-ல் பார்லிமெண்டு மனநல மருத்துவச் சட்டத்தை நிறைவேற்றியது. 2018 மே 29 முதல் அது அமலில் இருக்கிறது. அதன் 18-வது பிரிவு, சர்க்கார் நடத்துகிற அல்லது பண உதவி செய்கிற மனநல மருத்துவத்தைப் பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை என்கிறது. தருமம் அல்ல, உரிமை! வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவருக்கு, கார்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும், சிகிச்சை இலவசம். குறைந்தபட்ச சேவை மாவட்டத்தில் இல்லையென்றால், அதே மாவட்டத்தில் வேறிடத்தில் பெறும் சிகிச்சைக்குச் சர்க்கார் செலவு ஏற்க வேண்டும்.

மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்கிறது 95-வது பிரிவு. தெருவில் ஆதரவற்று அலைகிறவரைப் போலீஸார் லாக்கப்பில் வைக்கக்கூடாது. 24 மணி நேரத்துக்குள் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தவரைக் குற்றவாளியாக நடத்தாமல், கடும் மன நெருக்கடியில் இருந்தவராகக் கருதி சர்க்கார் கவனிக்க வேண்டும் என்பது 115-வது பிரிவு. கேஸ் வரும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் இருந்துவிடாதீர்கள்.

குறை எங்கே இருக்கிறது?

சட்டம் இருக்கிறது, திட்டம் இருக்கிறது. எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல டாக்டர்கூட இல்லை. குழுவின் டாக்டர் நம் ஊருக்குத் தினமும் வரமுடியாது. ஆகவே சுகாதார நிலைய டாக்டருக்குப் பயிற்சியும், அலமாரியில் மருந்தும் இடைவிடாமல் இருக்கவேண்டும். வேலையை விட்டு வந்தவனிடம் "மருந்து ஸ்டாக் இல்லை, அடுத்த மாதம் வா" என்றால், அவனுக்கு ஒரு நாள் கூலியோடு ஒரு மாத வைத்தியமும் போய்விடுகிறது. மத்திய சர்க்கார் சுகாதாரத்துக்கு ஒதுக்குகிற பணத்தில் மனநலத்துக்குப் போவது சுமார் ஒரு சதவிகிதம். இந்தப் பணத்தை வைத்துக்கொண்டு உரிமையை எப்படி ஊர் ஊராகக் கொண்டுசேர்ப்பது?

நாம் செய்யவேண்டியவை

ஒன்று: மனநலக் குழு வரும் நாளையும் இடத்தையும் சங்கத்து போர்டிலும் டீக்கடையிலும் எழுதி வைப்போம். தமிழில் பேசி உதவி கேட்க 14416 என்ற இலவசத் தொலைபேசி எண் 2022 அக்டோபர் முதல் இருக்கிறது. அதையும் சேர்த்து எழுதுவோம்.

இரண்டு: முதல் தடவை போகிறவருடன் ஒரு தோழர் கூடப் போவோம். தனியாகப் போகத்தான் வெட்கம்.

மூன்று: மருந்து இல்லையென்றால், பதவி காலியாக இருந்தால், தேதி போட்டுக் குறித்து மாவட்ட ஆட்சியரிடமும் கிராமசபையிலும் மனுக் கொடுப்போம். கூலி பாக்கியை எப்படிக் கேட்கிறோமோ அப்படிக் கேட்போம்.

நான்கு: குணமாகி வந்தவருக்கு வேலை கொடுக்கச் செய்வோம். நாற்று நடவோ, தறியோ, தன் கையால் ஒரு நாள் கூலி வாங்குகிறபோது அவருக்கு மனிதர் நடுவில் தன் இடம் திரும்பக் கிடைக்கிறது.

ஐந்து: "பைத்தியம்" என்ற ஏச்சை நம் வாயிலிருந்து எடுத்துவிடுவோம். இதற்குச் சர்க்கார் பணம் எதுவும் தேவையில்லை.

தோழர்களே! பூட்டிய அறை ஏதாவது நம் தெருவில் இருந்தால், அந்த வீட்டாரைக் குறை சொல்ல வேண்டாம். கதவைத் தட்டுவோம். "ஆஸ்பத்திரிக்குப் போகலாம், நாங்கள் வருகிறோம்" என்று சொல்வோம்.