உரப்பு வேற, சுருதி வேற

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



இயற்பியல் வாத்தியாருக்குப் பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறீர்கள். பாடம் நடத்தாமல் என்ன செய்வேன்?

"வீச்சு கூடினால் உரப்பு கூடும், அதிர்வெண் கூடினால் சுருதி கூடும்." இந்த வரியை எந்த மாணவனும் பரீட்சையில் தப்பில்லாமல் எழுதிவிடுவான். அதே பையனிடம், "மாடு கத்துறதுல சுருதி ஜாஸ்தியா, கொசு பாடுறதுலயா?" என்று கேளுங்கள். "மாடுதான் சார்" என்பான். அவன் மேல் குற்றமில்லை. "குரலை உயர்த்து" என்று நாம் சத்தத்துக்கும் சொல்கிறோம், சுருதிக்கும் சொல்கிறோம். கொசுவின் சிறகு விநாடிக்குச் சில நூறு தடவை அடிக்கிறது. சுருதி மேலே நிற்கிறது. ஆனால் அது அசைக்கிற காற்று அற்பம். காதோரம் வந்தால்தான் கேட்கும்.

இதைப் புரியவைக்க நம்ம தஞ்சாவூர்ச் சீமையில் கருவிக்கா பஞ்சம்? முன்பு நாகஸ்வரம் என்றால் குட்டையான திமிரிதான்; நாலு கட்டைக்கு மேல் நிற்கும். நீளமான பாரியைப் பரவலாக்கியவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. அதற்கு இரண்டு, இரண்டரை கட்டைதான். குழலுக்குள் காற்று நீண்டால் அதிர்வெண் குறையும், அவ்வளவுதான் விஷயம். சத்தம் குறைந்ததா? பாரியும் தெருக்கோடிக்குக் கேட்கும்!

மிருதங்கத்துக்கு வாருங்கள். வெறும் தோலை இழுத்துக் கட்டி அடித்தால் சுருதி பிடிபடாது. ஏனென்றால் வட்டத் தோலின் அடுத்த அதிர்வெண் முதலாவதைப் போல் 1.59 மடங்கு, இரண்டு, மூன்று என்று முழு மடங்காக வருவதில்லை. வலந்தலை நடுவில் கரணை வைத்ததும் அந்த வரிசை ஏறக்குறைய முழு மடங்குகளுக்கு வந்துவிடுகிறது. இதை 1920-ல் 'நேச்சர்' இதழில் எழுதியவர், திருச்சி திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன், உடன் எழுதியவர் சிவகாளி குமார். தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்பினால் எடை ஏறி சுருதி இறங்கும். விளிம்பைத் தட்டித் தோலை இறுக்கினால் சுருதி ஏறும். அடியை மட்டும் பலமாக்கினால் உரப்புத்தான் கூடும், சுருதி அநேகமாக அசையாது. ஒரே வாத்தியத்தில் மூன்றையும் காட்டிவிடலாம். ரவையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, மாணவர்களைக் கண்ணை மூடிக் கேட்கச் சொல்லுங்கள்.

ஒன்று சொல்லியே ஆகவேண்டும். ராமனுக்கு முந்தியே அந்தக் கரணையை அடுக்கடுக்காகத் தேய்த்து, காதால் அளந்து வைத்தவர்கள் தோல்வேலை செய்த குடும்பங்கள். கச்சேரி மேடையில் அவர்கள் பெயரைச் சொன்னவர் குறைவு. 2020-ல் டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' எழுதிய பிறகுதான் நம்மில் பலருக்குத் தஞ்சாவூர் செபாஸ்டியன் குடும்பமே தெரியவந்தது.

நம் வகுப்பிலும் கடைசி பெஞ்சில் பறை அடிக்கத் தெரிந்த பையன் இருப்பான். தீயில் காட்டினால் ஈரம் போய், தோல் இறுகி, சுருதி ஏறும் என்பது அவனுக்குக் கைப்பழக்கம். இழுவிசைப் பாடத்துக்கு அவனைவிட நல்ல ஆசிரியர் யார்? ஆனால் அது தெரியும் என்று சொல்லவே அவன் கூச்சப்படுகிறான். கூச்சப்பட வைத்தது நாம். வீணையை மேஜை மேல் வைக்கிற நாம் பறையை வைத்தோமா?

ஆய்வுக்கூடத்துக்கு என்ன வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டார். அதிர்வெண் காட்டுவதற்குக் கைபேசியே போதும். ஒரு மிருதங்கமும் ஒரு பறையும் வாங்கிக் கொடுங்கள். இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்க இடமும் கொடுங்கள்.